பின்சீட்டிலிருந்து தெரியும் தலை

தம்பி,

போனில் சொல்லிவிடலாம் என்றுதான் பார்த்தேன். நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள் கையெழுத்து, கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. உன்னைப்போல முடி கொட்டுகிறதே என்று கவலைப்படுகிற பிள்ளைகள் ஊரில் நிறையப் பேர். அவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் படித்தாலும் படிக்கட்டும் என்று இதைப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்கிறாயே என்று நீ கோபித்துக்கொள்வாய். உன் தலை விஷயம் பிரான்சு வரைக்கும் தெரிந்த பிறகு நம் ஊர் உழவர்கரைக்குத் தெரிந்தால் என்ன குறைந்துவிடும்?

ஆமாம், பிரான்சிலிருந்துதான் எனக்கே தெரிந்தது. போன வாரம் உன் மாமியார் ஆகப்போகிறவர் அங்கிருந்து போன் பண்ணினார். முகூர்த்தப் புடவை எந்த நிறத்தில் எடுக்கலாம் என்று பேசிக்கொண்டே இருந்தவர், நடுவில், "மாப்பிள்ளை கார்த்திகை மாசம் மெட்ராஸ்ல தலைக்கு ஆபரேசன் பண்ணிக்கறாராமே சம்பந்தி. எங்க தம்பி வூட்லயே தங்கிக்கட்டும். தம்பி பொண்டாட்டி நல்லா பாத்துப்பா, நீங்க ஒண்டியா அலைய வேணாம்" என்றார். ஆபரேஷனா, தலைக்கா, கட்டி கிட்டியா என்று பதறினேன். ஆனாலும் விட்டுக்கொடுப்பேனா? "ஆமாமா, சொன்னான், சொன்னான்" என்றேன். அவர் பேசப் பேசத்தான் அது முடி நடுகிற ஆபரேஷன் என்று புரிந்தது. நீ சில்வியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாயாம். எந்த நாள், எந்த இடம், எங்கே படுப்பது, யார் கஞ்சி வைத்துக் கொடுப்பது வரைக்கும் பேசியாகிவிட்டது. அம்மா ஒருத்தி இருக்கிறாள் என்பது மட்டும் யாருக்கும் நினைவில் இல்லை.

சில்வி உனக்குப் பார்த்த பெண். உன் அப்பா இருக்கும்போதே அவர் வாயால் பேசி முடித்த இடம். சொல்தா குடும்பம், அவளுடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், எல்லோருக்கும் அந்த நாட்டுக் குடியுரிமை. பாஸ்போர்ட்டில் ராஜேஸ்வரி, வீட்டில் சில்வி. அவள்மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். குறை இருந்தால் அதைச் சொல்லியாவது ஆற்றிக்கொள்ளலாம்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் பொறாமை. உனக்கு முடி போகிறதே என்றுகூட முதலில் தோன்றவில்லை. அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே என்றுதான் வயிறு எரிந்தது. அந்தத் தலை என் கையில் வளர்ந்த தலை. சனிக்கிழமையானால் நல்லெண்ணெய் காய்ச்சி உச்சியில் வைத்துத் தேய்ப்பேன். கண்ணில் சீயக்காய் பட்டுவிட்டது என்று நீ துணியில்லாமல் தெருவுக்கு ஓடுவாய், அப்பா துண்டை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடுவார். உனக்கு இரட்டைச் சுழி. இரட்டைச் சுழி இருந்தால் இரண்டு பொண்டாட்டி என்று சொல்வார்கள். இதைச் சில்வியிடம் சொல்லி வைக்கலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன், அந்த அளவுக்கு இருந்தது என் புத்தி. போன தீபாவளிக்கு எண்ணெய் வைக்கக் கையை நீட்டினபோது, "வேணாம்மா, நீ தேய்ச்சா கொட்டுது" என்று என் கையைத் தள்ளிவிட்டாய். அந்த எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றதை உன் அப்பா பார்த்தார். "எனக்கு வையி, எனக்குக் கொட்டறதுக்கு ஒண்ணும் இல்ல" என்று வந்து மனையில் உட்கார்ந்தார். அதுதான் அவருக்குக் கடைசித் தீபாவளி.

சில்வியைவிட எனக்கு அதிகம் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு வீம்பு வந்துவிட்டது. லாஸ்பேட்டையில் தோல் டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார். பஸ் பிடித்துப் போய் டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். சுற்றிலும் காலேஜ் பையன்கள், பாதிப் பேர் தொப்பி போட்டிருந்தார்கள். நடுவில் நான், இத்தனை பெரிய கொண்டையோடு. என்ன வியாதி என்று ஒருவனும் கேட்கவில்லை, எல்லோரும் கொண்டையைத்தான் பார்த்தார்கள். உள்ளே போனதும் டாக்டரம்மா, "யாருக்கும்மா?" என்றார்.

"என் புள்ளைக்கு டாக்டர். முடி கொட்டுது."

"புள்ள எங்க?"

"மெட்ராஸ்ல."

"அப்ப நான் எந்தத் தலையப் பாக்கறது?"

"போட்டோ எடுத்தாந்திருக்கேன்."

உன் நிச்சயதார்த்தப் படத்தை நீட்டினேன், பெருவிரலைச் சில்வி முகத்தின்மேல் அழுத்தி வைத்துக்கொண்டு. "விரல எடுங்கம்மா, மருமகளையும்தான் பாக்கறேன்" என்று சிரித்தார். எடுக்க வேண்டியதாகிவிட்டது. "லட்சணமா இருக்காளே" என்றார். பஸ்ஸுக்குக் காசு கொடுத்து இதைக் கேட்கவா வந்தேன்? அப்புறம் உன் அப்பா படத்தைப் பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "அப்பா தலை அப்படியே எறங்கி வந்திருக்கு. ஆனா நேர்ல பாக்காம நான் மருந்து எழுத மாட்டேன், ஆள அனுப்புங்க" என்றார். "நான் தெரிஞ்சிக்கத்தான் வந்தேன் டாக்டர். எனக்குத் தெரியாததெல்லாம் பொண்ணு வூட்டுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றேன். அந்தம்மா பேனாவை மூடி வைத்தார். அவருக்கும் ஒரு பையன் இருக்கிறானோ என்னவோ, வெளியே அத்தனை கூட்டம் இருந்தும் பொறுமையாகச் சொன்னார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரைக்கும் எழுதுகிறேன். கருமாதியில் மொட்டை அடித்ததால்தான் முடி வரவில்லை என்று நீ என்னிடம் சொன்னாயே, அது இல்லையாம். கத்தி தோலுக்கு மேலேதான் போகிறது, வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது. முன்னாலேயே மெலிந்துகொண்டு வந்திருக்கிறது, மொட்டை அடித்து மறுபடி முளைத்தபோதுதான் உன் கண்ணுக்குத் தெரிந்தது. ஆக, அப்பாவுக்குச் செய்த காரியத்தின்மேல் பழியைப் போடாதே. தலைக்குத் தடவுகிற மருந்து ஒன்று இருக்கிறதாம். தடவ ஆரம்பித்த புதிதில் இன்னும் கொஞ்சம் கொட்டுமாம், பயந்துபோய் நிறுத்திவிடுகிறார்களாம். மாதக்கணக்கில் பொறுத்துப் பார்க்க வேண்டும். பலன் தெரிந்தால் தொடர்ந்து தடவ வேண்டும், நிறுத்தினால் வந்தது போய்விடும். சாப்பிடுகிற மாத்திரையும் உண்டு. அதைச் சிநேகிதன் சொன்னான் என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடக் கூடாது. நீ போடுகிறாய் என்று எனக்குத் தெரியும், போனமுறை வந்தபோது உன் பையில் அட்டையைப் பார்த்தேன், தலைவலி மாத்திரை என்றாய். அது ஒத்துக்கொள்ளாத ஆண்களுக்கு வேறு தொந்தரவுகள் வரலாமாம். என்ன தொந்தரவு என்று டாக்டரம்மா என்னிடமே தயங்கித்தான் சொன்னார், பெற்றவள் அதை எழுதக் கூடாது. நீ வெட்கப்படாமல் டாக்டரிடம் வாய்விட்டுக் கேள். பிள்ளை பெறுகிற வயசுப் பெண்கள் உடைந்த மாத்திரையைக் கையால்கூடத் தொடக் கூடாதாம், வயிற்றில் இருக்கிற ஆண் பிள்ளைக்கு ஆகாதாம். நாளைக்குச் சில்வி உன் சட்டைப் பையைத் துழாவுவாள். இதை அவளிடம் நானே சொல்லிவிட்டேன், அது எப்படி என்று பின்னால் வரும்.

ஆபரேஷன் விஷயம் இப்படி. தலைக்குப் பின்னால், காதுக்குக் காது போகிற இடத்தில் இருக்கிற முடி எளிதில் கொட்டுவதில்லையாம். அங்கேயிருந்து தோலோடு ஒரு பட்டை வெட்டி எடுத்துவிட்டுத் தைத்துவிடுவார்கள். அந்தப் பட்டையைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து முன்னால் நடுவார்கள். பின்னால் இருந்த குணம் முன்னால் வந்தாலும் மாறாதாம், அதனால் நிற்குமாம். ஆனால் பின்னால் இருப்பது அவ்வளவுதான், எடுத்தால் எடுத்ததுதான், அங்கே திரும்ப முளைக்காது. இப்போதே எல்லாவற்றையும் நெற்றிக்குக் கொண்டுவந்துவிட்டால், நாற்பது வயசில் உச்சி காலியாகும்போது எடுக்க இடம் இருக்காது. நெற்றியில் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஒரு முடி, அதற்குப் பின்னால் வெட்டவெளி என்று ஆகிவிடும் என்றார். அதனால் கோடு எங்கே போடுவது என்பதில் ஆசைப்படாதே. வெட்டுவது டாக்டரா வேறு யாராவதா என்று கேள். வரவேற்பில் இருக்கிற பெண் சிரித்துக்கொண்டே சொல்வதைக் கேட்டுத் தலையைக் கொடுக்காதே. அங்கே செய்துகொண்டு வருஷம் ஆனவர்கள் யாரையாவது நேரில் பார். ஆல்பத்தில் இருக்கிற படம் யார் தலையோ.

எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பை இப்போது சொல்கிறேன். தையில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு யாராவது கார்த்திகையில் நடுவார்களா? நட்ட முடி சில வாரத்தில் மொத்தமும் உதிர்ந்துவிடுமாம். வேர் மட்டும் உள்ளே இருக்கும், திரும்பத் தலைகாட்டவே மூன்று நான்கு மாசம், நிறைந்து வர வருஷம் ஆகும். மணவறையில் நீ இப்போது இருப்பதைவிட மோசமாகத்தான் உட்கார்ந்திருப்பாய், முன்னால் சிவந்துபோய், பின்னால் தையல் தழும்போடு. இதை அந்த மெட்ராஸ் இடத்தில் யாரும் உனக்குச் சொல்லவில்லையா? இல்லை, சொல்லியும் காதில் விழவில்லையா? உங்கள் போட்டோவைப் பாரிசில் மாட்டப் போகிறார்கள் என்கிற அவசரம் உனக்கு.

உன் அப்பாவும் பண்ணாத வைத்தியம் இல்லை. கல்யாணம் ஆகும்போதே அவருக்கு முன்பக்கம் ஏறியிருந்தது. கரிசலாங்கண்ணி, முட்டை, வேனில் மைக் கட்டிக்கொண்டு வந்தவன் விற்ற தைலம், எல்லாம் பார்த்தார். ஒரு சமயம் சின்ன வெங்காயச் சாற்றைத் தடவிக்கொண்டு மில்லுக்குப் போனார். சாயங்காலம் வந்து, "இன்னைக்குக் கேண்டீன்ல எனக்கு மட்டும் தனி பெஞ்சு குடுத்தானுங்க" என்றார். அதோடு விட்டுவிட்டார். வருத்தம் இருந்ததா என்றால் இருந்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை. சம்பளம் வாங்கினதும் பெரிய மார்க்கெட்டில் மல்லிகைப்பூ வாங்கி வருவார். "எனக்கு வைக்க எடமில்ல, என் பங்கையும் சேத்து நீயே வெச்சிக்க" என்பார். அந்தக் கொண்டை எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. சீப்பில் நாலு முடிகூட வருவதில்லை. நிச்சயதார்த்தத்தன்று உன் மாமியார் பூத்தட்டை ஒவ்வொரு பெண்ணிடமாக நீட்டிக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும் தட்டு தானாக ஒதுங்கி அடுத்தவளிடம் போனது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை, நம் வழக்கம் அது. அவர் தலையில் இருந்த கதம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொத்தமல்லிக் கட்டு அளவுக்குத்தான் அவருக்கு முடி. அதில் பூ நிற்கவில்லை, சரிந்து சரிந்து விழுந்தது. அவர் வீட்டுக்காரர் எடுத்து எடுத்துக் கொடுத்தார். நான் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அப்பா வண்டியில் நான் எப்போதும் பின்னால்தானே உட்காருவேன்? பின்னாலிருந்து பார்த்தால் அவருக்கு வழுக்கை இல்லை தம்பி. காதுக்குக் காது அடர்த்தியாக, கழுத்தில் சுருண்டு, நல்ல முடி. ஊருக்கெல்லாம் வழுக்கைத் தலைக்காரர், பின்சீட்டில் இருந்த எனக்கு மட்டும் முடியுள்ள மனுஷன். இப்போது சிக்னலில் ஸ்கூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற பொம்பளையைப் பார்த்தால், அவள் யார் என்னவென்று தெரியாமலே எனக்கு எரிகிறது.

பங்குனியில் அவர் போனார். கருமாதி அன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் உனக்கு மொட்டை அடித்தார்கள். தண்ணீர் ஊற்றிக்கொண்டு நீ திரும்பினபோது பக்கத்தில் இருந்தவர்கள், "அப்படியே அவங்க அப்பாடி" என்றார்கள். நான் அலறினேன், நினைவிருக்கிறதா? நீ பயந்துபோய்த் துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டாய். துக்கத்தில் அலறுகிறேன் என்று நீ நினைத்தாய். துக்கம்தான், ஆனால் அதில் ஒரு துளி சந்தோஷமும் இருந்தது. அவர் முழுசாய்ப் போகவில்லை, இங்கே நிற்கிறார் என்று. அதைச் சொல்ல எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை, நீயும் அதற்கப்புறம், நிச்சயதார்த்தத்தன்று தவிர, என் எதிரில் தொப்பி இல்லாமல் வரவே இல்லை.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் சில்வி போன் பண்ணினாள். "அலோ அத்தை" என்றாள். ஏதோ அதிகாரம் பண்ணத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, மாத்திரை விஷயத்தை நானே முந்திக்கொண்டு கொட்டினேன். எனக்குத் தெரியும், உனக்குத் தெரியுமா என்கிற மாதிரி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் இந்த ஆபரேசன கேக்கவே இல்ல அத்தை" என்றாள். "எங்கப்பாவுக்குந்தான் முடி இல்ல. எனக்கு அது ஒண்ணும் இல்ல. நீங்க சொன்னா கேப்பாரு, கொஞ்சம் சொல்லுங்களேன்." என்னிடம் வந்து கேட்கிறாளே என்று எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன். "என் பேச்ச எங்க கேக்கறான்" என்று கொஞ்சம் பிகு பண்ணிக்கொண்டேன். அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள். "மொட்டை போட்டதுலேர்ந்து காலைல ஷேவ் பண்ண கண்ணாடி முன்னால நின்னா மாமா நிக்கற மாதிரியே இருக்காம் அத்தை. பாக்க முடியலன்னு போன்ல அழுவுறாரு. உங்ககிட்ட சொன்னா நீங்களும் அழுவீங்களாம், அதான் சொல்லல."

போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் இருந்த பால் பொங்கி அடுப்பே அணைந்துபோனது. எதற்குப் பொறாமைப்படுவது என்றே தெரியவில்லை. அவருக்காக நீ அழுகிற அழுகை என்னோடு சேர்ந்து அழ வேண்டியது, அதையும் அவளிடம் கொடுத்துவிட்டாய். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். உனக்குக் காலையில் கண்ணாடியில் அவர் தெரிகிறார். எனக்கு எந்தக் கண்ணாடியில் தெரிவார்? உனக்கு வேண்டாம் என்று நீ மாற்றிக்கொள்ளப் போகிற அந்தத் தலைக்கு நான் ஏங்கிக்கொண்டிருக்கிறேன். இதைப் பெற்ற பிள்ளையிடம் எப்படிக் கேட்பது? உன் முடியை நீ வைத்துக்கொள்ளாதே, எனக்கு என் புருஷன் வேண்டும் என்றா?

அப்படிக் கேட்க மாட்டேன். உன் தலை உன்னுடையது. அழகுக்கு வேண்டும் என்றால் பண்ணிக்கொள், நான் தடுக்கவில்லை. அப்பாவைப் பார்க்கப் பயந்துகொண்டு பண்ணினாயானால், முடியை நட்டாலும் மூக்கு அவர் மூக்குதான், அதை எங்கே கொண்டுபோய் மாற்றுவாய்? கல்யாணம் முடியட்டும். நீ பிரான்சுக்குப் போகக் காகிதம் வர மாசக்கணக்கில் ஆகும் என்கிறார்களே, அதற்குள் யோசித்து நிதானமாகப் பண்ணிக்கொள். பண்ணிக்கொண்டால் யாருடைய தம்பி வீட்டிலும் படுக்காதே, இங்கே வா. நெற்றியும் கண்ணும் வீங்குமாம், தலையை உயர்த்தி வைத்துப் படுக்க வேண்டுமாம், அவர்கள் கொடுக்கிற தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம், சொறியவே கூடாதாம். அதையெல்லாம் நான் பார்த்துக்கொள்வேன். எண்ணெய் வைத்துவிடுவேன் என்று நீ பயப்படுவது எனக்குத் தெரியும். டாக்டர் சொல்லும்வரைக்கும் எண்ணெய்க் கிண்ணம் பரண்மேல் இருக்கும், ஸ்டூலையும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுகிறேன்.

இந்த வருஷம் நமக்குத் தீபாவளி இல்லை. ஆனாலும் உனக்கு லீவு உண்டே, வா. தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குள் வா. நான் அழுதால் அழுதுவிட்டுப் போகிறேன், நீயும் அழு. அப்பாவின் வண்டி உறை போட்டபடியே நிற்கிறது. சாய்த்து வைத்து உதைத்தால் கிளம்பும், அவருக்கு எப்போதும் அப்படித்தான் கிளம்பும். முதலில் லாஸ்பேட்டைக்குப் போய் அந்த டாக்டரம்மாவிடம் தலையை நேரில் காட்டுவோம். அங்கிருந்து பீச்சு ரோடுவரைக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போ. வேகமாக ஓட்டாதே. நான் ஒன்றும் பேச மாட்டேன், ஆபரேஷன் கத்தி படாத பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்து வருவேன். தை பிறந்தால் அந்த சீட் சில்வியுடையது. அதற்கப்புறம் கேட்க மாட்டேன், சத்தியம். தை பிறக்கும்வரைக்கும் அது என்னுடையது.

அம்மா